நாற்பது வாட்டும் அரை வாட்டும்

எங்கள் வீட்டில் எதையும் ஒற்றையாக வாங்கிப் பழக்கமில்லை. கருப்பட்டி, சீனி, மல்லி, வத்தல் என்று தூத்துக்குடியில் மொத்த வியாபாரம் செய்கிற குடும்பம். குளிக்கிற சோப்பு தீர்ந்தால் ஒரு பெட்டி சோப்பு வரும். கல்யாணமான புதிதில் நான் ஒரே ஒரு பற்பசை வாங்கி வந்ததற்கு அத்தான் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒண்ணுதான் வாங்குனியா? கடையில சரக்கு இல்லையோ?" என்று கேட்டார். அத்தான் என்றால் என் வீட்டுக்காரர். மாமா மகன் என்பதால் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் கூப்பிட்டேன், தாலி கட்டின பிறகும் மாற்றத் தோன்றவில்லை. சின்னதாக வாங்குகிறவன் ஏமாளி, மூட்டையாக வாங்கி வேண்டிய மட்டும் அள்ளிக்கொள்கிறவன்தான் விவரம் தெரிந்தவன் என்பது எனக்கும் ரத்தத்தில் ஊறியது. அந்த விவரத்தோடுதான் நான் கிட்டார் சத்தத்தைப் பெருக்கித் தருகிற வால்வு ஆம்ப் வாங்கப் போனேன்.

கிட்டார் கதை பழையது. நான் படித்தது சிஸ்டர்கள் நடத்துகிற பள்ளிக்கூடம். நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு போய் சர்ச் பாட்டுக் குழுவில் கிட்டார் வாசித்தவள் நான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, சுருதி சேர்ந்தால் சரி என்றுதான் இருந்தார்கள். கையில் கிட்டார் அங்கே வந்தது. காதில் வந்தது கல்லூரி விடுதியில், பக்கத்துக் கட்டில்காரி வைத்திருந்த ஒரு கேசட்டில். பழைய புளூஸ் ராக். அதில் கிட்டார் அழுதுகொண்டே திட்டியது. எங்கள் குடும்பத்துப் பெண்கள் சண்டை போடும்போது குரல் அப்படித்தான் இருக்கும் என்பதால் எனக்கு அந்தச் சத்தம் உடனே பிடித்துப்போனது. என்றைக்காவது இதை என் கையால் எழுப்பிவிட வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம் கல்யாணம், கடை, இரண்டு பிள்ளைகள். இளையவளும் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போன பிறகுதான் ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கினேன். அதோடு சேர்த்துக் கொடுத்த சின்ன ஆம்பில் 'பழைய காலத்துச் சத்தம்' என்று ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினால் தகரத்தில் ஆணியால் கீறினது போல இருக்கும். இருக்கட்டும், வயசு கிடக்கிறது, நல்லதாகப் பார்த்து மெதுவாக வாங்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அவசரம் தராசினால் வந்தது. கடையில் இருக்கிற எலெக்ட்ரானிக் தராசு, எடை நின்றதும் 'பீப்' என்று ஒரு சத்தம் போடும். ஒரு வாரமாக அது சத்தமே போடவில்லை என்று அத்தானிடம் சொன்னேன்.

"அது எப்பவும் போலக் கத்திக்கிட்டுத்தான் கெடக்கு. ஒனக்குத்தான் என்னமோ ஆயிட்டு," என்றார்.

வலது காதைத் தராசின் பக்கம் காட்டி நின்றேன், கேட்டது. இடது காதைக் காட்டினேன், தராசு ஊமையாகிவிட்டது.

காது டாக்டர் என் பெரியவளை விட நாலைந்து வயசு மூத்த பெண்ணாக இருப்பாள். ஒரு கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் விரலைத் தூக்கச் சொன்னாள். நான் பாதி நேரம் விரலை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தேன். பிறகு ஒரு தாளைக் காட்டினாள். இடது காதின் கோடு பாதி தூரம் ஒழுங்காகப் போய், திடீரென்று சரிந்து கீழே விழுந்திருந்தது. கீச்சுச் சத்தங்கள் போய்விட்டன, போனது வராது, கனத்த சத்தங்கள் இன்னும் கேட்கின்றன, வலது காதிலும் லேசாக ஆரம்பித்திருக்கிறது, இருப்பதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம் என்றாள். எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றாள்.

"சத்தமான இடத்துல இருப்பீங்களாம்மா?"

"கிட்டார் வாசிப்பேன்."

"சத்தமாவா?"

"சேச்சே, மெதுவாத்தான் டாக்டர்."

அத்தான் சுவரில் மாட்டியிருந்த காதுப் படத்தைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வருகிற வழியில் எனக்குப் பயமாக இருந்தது. நான் எதற்கும் சுலபத்தில் பயப்படுகிறவள் இல்லை, வசூலுக்குப் போனால் ஆம்பிளைகள் பின்வாசல் வழியாகப் போவார்கள். ஆனால் அன்றைக்குப் பயந்தேன். ஒரு சத்தத்தை முப்பது வருஷமாக நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப் போட்டிருக்கிறேன், இப்போது காது எனக்கு முன்னால் கடையைச் சாத்தப் பார்க்கிறது. அதைக் கேட்கிற காதோடு ஒரு தடவை நன்றாகக் கேட்டுவிட வேண்டும். அதைக் கேட்கப் போய் மிச்சக் காதையும் தொலைத்துவிடக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது இந்த இரண்டும்தான்.

ஆகவே ஆம்ப் தேடினேன். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு போனில் வீடியோ மேல் வீடியோவாகப் பார்த்தேன். வால்வு என்பது அந்தக் காலத்து ரேடியோவுக்குள் ஆரஞ்சாக எரிந்துகொண்டிருக்குமே, அந்தக் கண்ணாடிக் குப்பிதான். கிட்டார் சத்தத்தை அது கொஞ்சமாகப் பெருக்கினால் சுத்தமாக வரும். தாங்குகிற எல்லைக்கு மேலே தள்ளினால் சத்தத்தின் ஓரம் உடையும். அந்த உடைசல்தான் என் கேசட்டில் இருந்த அழுகையும் திட்டும். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிற மாதிரி ஒரு பதம் அது, கொஞ்சம் முந்தினால் வெறும் தண்ணி, கொஞ்சம் பிந்தினால் கருகல்.

நல்ல வால்வு ஆம்புகளின் விலையைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் போனையே எடுக்கவில்லை. கட்டுப்படியாகிற விலையில் கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று அஞ்சு வாட்டு, புதிது, பிஸ்கட் டின்னை விடக் கொஞ்சம் பெரியது. இன்னொன்று நாற்பது வாட்டு, பெங்களூரில் ஒருவர் வாசித்து வைத்திருந்த பழையது. இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. போனில் கேட்டால் இரண்டும் ஒரே சத்தம்தான். ஒரு வாட்டு என்ன விலை விழுகிறது என்று கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? பெரிசை வாங்கி மெதுவாக வைத்துக்கொண்டால் காதுக்கும் நல்லது, காசுக்கும் நல்லது. மூட்டையாக வாங்கிக் கால் கிலோ அள்ளிக்கொள்கிற மாதிரிதானே.

"மொத மொதலா ஒரு கிட்டார் சாமானை ஒழுங்காக் கணக்குப் பாத்து வாங்குத," என்று அத்தான் மெச்சினார். அவர் மெச்சினபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

ஆம்ப் லாரி பார்சலில், மல்லி மூட்டைகளோடு மூட்டையாக வந்து இறங்கியது. அத்தான் முதலில் அதைத் தூக்கிப் பெரிய தராசில் வைத்தார். எங்கள் கடைக்குள் வருகிற எதுவும் எடை போடாமல் உள்ளே போகாது. "இருபத்திரண்டு கிலோ நானூறு. நல்ல கனம், ஏமாத்தல," என்று சான்றிதழ் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. ஷட்டரை இறக்கிவிட்டுப் பின்னால் சரக்கு அடுக்கியிருக்கிற கிட்டங்கியில் ஆம்பை வைத்து, வால்வு சூடாகிற வரை காத்திருந்து, வால்யூமை ஒன்றில் வைத்து ஒரு கம்பியைத் தட்டினேன். சத்தம் சுத்தமாக, அழகாக, கழுவித் துடைத்த மாதிரி வந்தது. இரண்டில் வைத்தேன், இன்னும் சுத்தம். மூன்றில் வைத்தேன். உடைசலின் வாடை கூட இல்லை.

"நல்லாத்தான இருக்கு," என்றார் அத்தான். "நகைக்கடை விளம்பரம் மாதிரி."

அந்த வார்த்தையில் எனக்குச் சுள்ளென்று ஏறியது. முப்பது வருஷம் காத்திருந்தது நகைக்கடை விளம்பரத்துக்கா? ஆறுக்குத் திருப்பி ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். டப்பாக்கள் அத்தனையும் ஆடின. மூலையில் இருந்த கருப்பட்டி அடுக்கு சரிந்தது. எதிர்க்கடை அண்ணாச்சி கடைக்கு மேலே இருக்கிற வீட்டிலிருந்து போன் செய்து, கடைக்குள் ஏதாவது இடிந்து விழுந்துவிட்டதா என்று விசாரித்தார். சத்தம் என்னவோ அப்போதும் உடையவில்லை, நான்தான் உடைந்தேன். சாயங்காலம் வரைக்கும் இடது காதுக்குள் 'ங்ஙீ' என்று ஒரு வண்டு சுற்றிக்கொண்டே இருந்தது. போகிறதா போகிறதா என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அத்தான் சரிந்த கருப்பட்டியை அடுக்கினார்.

மறுநாள் வண்டு போய்விட்டது, கோபம் மட்டும் மிஞ்சியது. தூத்துக்குடிக்குப் பக்கத்திலேயே இருக்கிற புதுக்கோட்டையில், திருநெல்வேலி ரோட்டில், ஒரு சவுண்டு சர்வீஸ் அண்ணாச்சி இருக்கிறார். கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் ஸ்பீக்கர் கட்டுகிறவர், ரிப்பேரும் பார்ப்பார். குட்டியானை வண்டியில் ஆம்பையும் கிட்டாரையும் ஏற்றிக்கொண்டு நானும் அத்தானும் போனோம். அவர் பின்பக்கத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை, தங்கமான சாமான் என்றார்.

"ஒங்களுக்கு இப்பம் என்ன வேணும்?"

"சத்தம் உடையணும் அண்ணாச்சி. ஆனா சத்தமா இருக்கக் கூடாது."

அவர் என்னை விட்டுவிட்டு அத்தானைப் பார்த்தார். "சத்தம் உடையுதுன்னு சண்டைக்கு வாரவங்களத்தான் இத்தனை வருசமாப் பாத்திருக்கேன். ஒடையணும்னு வந்தது நீங்கதான் மொத ஆளு."

நாற்பது வாட்டு பெரிய மண்டபத்துக்கானது, அதை உடைய வைக்க வேண்டுமென்றால் ஊரையே காலி பண்ணச் சொல்ல வேண்டும் என்றார். எதற்கும் என் கேபிளில் ஏதாவது கோளாறு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, பெஞ்சில் கிடந்த ஒரு சின்ன ஆம்பில் அதைச் செருகினார். எனக்கு அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் போனில் பார்த்து வேண்டாமென்று தள்ளிய அதே அஞ்சு வாட்டு. "தட்டுங்க," என்றார். வால்யூம் முழுசாகத் திறந்து கிடந்ததை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

தட்டினேன். அழுதுகொண்டே திட்டியது.

அவர் பதறிப்போய்ப் பின்னால் ஒரு ஸ்விட்சைத் தட்டினார். சத்தம் பாதிக்கும் கீழே இறங்கியது, உடைசல் அப்படியே இருந்தது. அது அரை வாட்டு ஸ்விட்ச். வால்வைக் கொஞ்சத்திலேயே மூச்சு முட்ட வைத்துவிடுகிறது, அதனால் மெதுவான சத்தத்திலேயே உடைகிறது. மூட்டைக்குள் இல்லாத சரக்கு கால் கிலோவுக்குள் இருந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்க முடியவில்லை.

"இது யாரோடது அண்ணாச்சி?"

"பெரியதாழைக்காரர் ஒருத்தரு. சர்ச்சுப் பாட்டுக் குழுவுல வாசிக்காரு. சத்தமே வரலன்னு ரிப்பேருக்குப் போட்டுட்டுப் போயிருக்காரு. இதுல என்னத்த ரிப்பேர் பாக்க? அது பெத்த சத்தம் அவ்வளவுதான்."

போன் செய்தால் மனிதர் கடலில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போக மாட்டார்கள், பூசை முடிந்ததும் வருவார் என்றார் அண்ணாச்சி. ஆறு நாள். அந்த ஆறு நாளும் நான் கடையில் இல்லை, உடம்பு மட்டும் கல்லாவில் இருந்தது. அதற்குள் அவர் அதை வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால்? புதிதாக இன்னொன்று வாங்கலாம்தான், ஆனால் கைக்காசு முழுவதும் நாற்பது வாட்டுக்குள் முடங்கிக் கிடந்தது, அவரோடு மாற்றிக்கொண்டால்தான் உண்டு. தினமும் தராசுக்கு இடது காதைக் காட்டி நின்று பார்த்தேன். தினமும் அது ஊமையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை புதுக்கோட்டைக்கு அவர் வெள்ளைச் சட்டையில், பூசைக்குப் போன கோலத்திலேயே வந்தார். முப்பது முப்பத்திரண்டு வயசு, கயிறு இழுத்துக் காய்த்த கை. அந்தக் கை எப்படிக் கிட்டார் வாசிக்கும் என்று நினைத்தேன். அவரும் என் சேலையையும் வளையலையும் பார்த்து அதையேதான் நினைத்திருப்பார்.

"போன்ல பாத்து ஏமாந்துட்டேன் அக்கா. வீடியோல சிங்கம் மாதிரி உறுமுச்சு. திருவிழா அன்னைக்கி வாசிச்சேன், மொத வரிசைல நின்ன எங்க அம்மையே கேக்கலன்னுட்டா. முன்னால மைக் வச்சா காத்தையும் கடலையும் சேத்துல்லா பிடிக்கி."

"அரை வாட்டு ஸ்விட்ச் ஒண்ணு இருக்கே, தெரியுமா தம்பி?"

"அரையா? அதைச் செஞ்சவன் எங்க ஊருக் காத்தைப் பாத்திருக்க மாட்டான்."

நாற்பது வாட்டை அவரிடம் கொடுத்தேன். கிட்டாரை மடியில் வைத்து, கண்ணை மூடி, மெல்ல விரல் விரலாக ஒரு மாதா பாட்டை வாசித்தார். வால்யூம் நாலு. ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக, சுத்தமாக, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போனது. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் நகைக்கடை விளம்பரம் என்று வெறுத்த சத்தம் அவர் கையில் கோயில் மாதிரி இருந்தது. எனக்கே ஒரு நிமிஷம் கொடுக்க மனசு வரவில்லை.

வாசித்து முடித்தவர் சந்தேகத்தோடு கேட்டார். "இவ்வளவு நல்லா இருக்கே, ஏன் அக்கா குடுக்கீங்க? இதுல என்ன குறை?"

"உடைய மாட்டேங்குது தம்பி. எவ்வளவு திருப்பினாலும் சுத்தமாவே வருது. வீட்டுல வைக்க முடியல, டப்பாவெல்லாம் ஆடுது. கனமும் ஜாஸ்தி."

அத்தான் என் முழங்கையில் இடித்தார். "ஏளா, குடுக்குற சரக்கக் குறை சொல்லாத."

"எங்கதும் ஒண்ணும் பெருசா இல்ல," என்று அவரும் ஆரம்பித்தார். "ஏழு கிலோ கூட இருக்காது. சத்தம் பூனை மாதிரி. கொஞ்சம் திருப்புனா கரகரன்னு ஆயிரும்."

இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு சொந்தச் சரக்கைக் குறை சொல்ல, அத்தான் தலையில் கையை வைத்துக்கொண்டார். முப்பது வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு பேரத்தை அவர் பார்த்ததில்லை. கைக்குக் கை மாற்றிக்கொள்வது என்று முடிவானது. ஆனால் கொசுறு இல்லாமல் ஒரு வியாபாரத்தை முடிக்க அத்தானால் முடியாது. வண்டியிலிருந்து ஒரு சிப்பம் கருப்பட்டியை எடுத்து நாற்பது வாட்டின் மேல் வைத்தார். பெரியதாழைக்காரர் யோசித்துவிட்டு, பைக் பெட்டியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். மாற்று வால்வு. தேவைப்படும் என்று வாங்கி வைத்திருந்தாராம்.

"சத்தம் பத்தலன்னு யாரும் சொன்னா நம்மகிட்ட வராதீங்க அக்கா," என்றார் சிரித்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்து சேர மதியம் இரண்டு மணி. சாப்பாட்டைக் கூடக் கவனிக்காமல் கிட்டங்கிக்குப் போனேன். அத்தான் அதையும் தராசில் வைத்தார், ஆறு கிலோ எண்ணூறு. உதட்டைப் பிதுக்கினார். சீனி மூட்டையின் மேல் ஆம்பை வைத்து, அரை வாட்டில் போட்டு, அது சூடாகிற வரை நான் கம்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு வாசித்தேன். அத்தானோடு சாதாரணமாகப் பேசிக்கொள்கிற சத்தத்தை விடக் கொஞ்சம்தான் கூட. டப்பா ஆடவில்லை, எதிர்க்கடையிலிருந்து போன் வரவில்லை. மெதுவாகத் தொட்டால் முனகியது, அழுத்தித் தட்டினால் ஓரம் உடைந்து அழுதது, இன்னும் அழுத்தினால் திட்டியது. கேசட்டில் கேட்ட பாட்டுகளில் கைக்கு நினைவு இருந்ததையெல்லாம் வாசித்தேன். தப்புத் தப்பாகத்தான். சந்தோஷத்தில் விரல் நிற்கவில்லை.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது, வந்ததும் விரல் நின்றுவிட்டது. இவ்வளவு நேரமும் நான் கேட்டுக்கொண்டிருந்தது வலது காதால். அதிலும் ஆரம்பித்திருக்கிறது என்றுதானே அந்தப் பெண் சொன்னாள். அதுவும் இடது காதைப் போல ஆகிற நாளில் எனக்கு இதில் எவ்வளவு மிஞ்சும்? தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது. தெரியாமல் இருக்கவும் முடியவில்லை.

"அத்தான், இங்கன வாங்க. என் வலது காதைப் பொத்துங்க. எனக்கு ரெண்டு கையும் கிட்டாருக்கு வேணும்."

பின்னால் வந்து நின்று, கருப்பட்டி வாசம் அடிக்கிற உள்ளங்கையால் என் வலது காதை இறுக்கிப் பொத்தினார். இடது காதை ஆம்பின் பக்கம் திருப்பிக்கொண்டேன். மேலே ஓடுகிற விசிறியின் கீச்சுச் சத்தம் போய்விட்டது. வெளியே ரோட்டில் போகிற வண்டிகளின் ஹாரன் போய்விட்டது. மூன்றாவது கம்பியை அழுத்திப் பிடித்து, கொஞ்சம் வளைத்து, தட்டினேன்.

கேட்டது. கீச்சென்று மேலே போகிற எதுவும் அதில் இல்லை. எல்லாம் கீழேயும் நடுவிலும்தான் இருந்தது, சின்ன ஸ்பீக்கருக்குள், மரப்பெட்டிக்குள். எனக்கு மிச்சம் இருக்கிற இடத்தில்தான் அந்தச் சத்தமும் குடியிருந்தது. கரகரத்து, ஓரம் உடைந்து, அப்படியே கேட்டது. இன்னொரு தடவை தட்டினேன், இன்னும் கொஞ்சம் வளைத்தேன். எதிரே நிலைக்கதவில் பதித்திருக்கிற கண்ணாடியில் அத்தானின் உதடு அசைவது தெரிந்தது. என்ன சொல்கிறார் என்று கேட்கவில்லை.

"கேக்குது அத்தான்," என்றேன்.

அவர் கையை எடுத்தார். விசிறி திரும்ப ஓட ஆரம்பித்தது.

"நான் கேட்டது ஒனக்குக் கேட்டிச்சா?" என்றார்.

"இல்ல. என்ன கேட்டீங்க?"

"கேக்குதான்னுதான் கேட்டேன்."